நான் கையை எடுக்காத அந்தக் காலை

எண்டோஸ்கோப்பி பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். குழாயை எப்படிப் பிடிப்பது, எந்தக் கோணத்தில் திருப்புவது என்பதையெல்லாம் உங்கள் பயிற்சியாளர்கள் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருவார்கள். இப்போது நீங்கள் கையாளும் கருவிகளில் பாதியை நான் தொட்டதுகூட இல்லை. அதனால் எனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் நடுவில், முப்பத்தாறு வயதில், பயிற்சி முடித்து மலாக்காவுக்குத் திரும்பிய மூன்றாம் மாதம், நான் ஒரு நோயாளியைச் சாவின் வாசல் வரை கொண்டுபோய்விட்டேன். அவர் பிழைத்தார். அதன்பிறகும் நான் இந்த வேலையைச் செய்தேன் என்றால், அதற்கு அவரும் அவரைச் சுற்றி இருந்த சிலருமே காரணம். அவர்களுக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடனை எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்று பல காலமாக நினைத்திருந்தேன்.

பித்தக்குழாயில் சிக்கிய கல்லை, வயிற்றைக் கிழிக்காமல் வாய் வழியாகவே எடுக்கும் முறை அப்போது எங்கள் பக்கத்துக்குப் புதிது. நீங்கள் அதை ஈ.ஆர்.சி.பி. என்று ஒரு மூச்சில் சொல்லிவிட்டுப் போவீர்கள். எங்களுக்கு அது ஒரு அதிசயம். குழாய் இரைப்பையைத் தாண்டிச் சிறுகுடலின் தொடக்கத்தில் நிற்கும். அங்கே பாசிப்பயறு அளவுக்கு ஒரு மேடு. அதன் நுனியில் உள்ள துளைக்குள் மெல்லிய இழைக் குழாய் ஒன்றை நுழைக்க வேண்டும். பித்தக்குழாய்க்கும் கணையக்குழாய்க்கும் பெரும்பாலும் அந்த ஒரு துளைதான் வாசல். சரியாகப் போனால் பித்தம். தவறிப் போனால் கணையம். கணையம் பொறுமையில்லாத உறுப்பு. தேவையில்லாமல் மறுபடி மறுபடி தொட்டால் வீங்கும், கனலும், சிலரைக் கொன்றும்விடும்.

இதை நான் கோலாலம்பூரில் ஒரு பேராசிரியரிடம் கற்றேன். மென்மையான மனிதர். நான் தடுமாறும்போது ஒன்றும் பேசாமல் என் கைமேல் தன் கையை வைப்பார். இரண்டு நொடிதான். வழி திறந்துவிடும். உடனே கையை எடுத்துக்கொள்வார். என் பயிற்சிக் குறிப்பேட்டில் அந்தச் சிகிச்சைகளெல்லாம் நானே செய்தவையாகப் பதிவாயின. அவர் என்னை ஏமாற்றவில்லை, கற்பித்தார். அந்த இரண்டு நொடிகளை மறந்துவிட்டு ஊர் திரும்பியவள் நான்தான்.

மலாக்காவில் எனக்கு வாரத்தில் இரண்டு காலைப்பொழுதுகள் எக்ஸ்ரே அறையைத் தந்தார்கள். துணைக்குச் சிஸ்டர் கமலா. என்னைவிடப் பத்து வயது மூத்த தாதி. அறுவை சிகிச்சை அறையில் நீண்ட காலம் இருந்தவர், அதிகம் பேசமாட்டார். எங்கள் தலைமை அறுவை சிகிச்சை நிபுணர் சீனர். பித்தக்கல்லுக்காக எத்தனையோ வயிறுகளைத் திறந்து மூடியவர். என் புதுக் குழாயை அவர் கேலி செய்யவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. “உன்னால் முடியாதபோது என்னிடம் அனுப்பு, லா. நான் இங்கேதான் இருக்கிறேன்” என்று, எங்கள் ஊர்ப் பேச்சில் எதற்கும் ஒட்டிக்கொள்ளும் அந்த ‘லா’வோடு, முதல் நாளே சொல்லிவிட்டார். அதைக் கேட்டு எனக்குச் சிறிது கோபம்கூட வந்தது. எனக்கு முடியாமல் போகும் என்று ஏன் நினைக்கிறார்?

முதல் சில நோயாளிகள் நன்றாகவே அமைந்தார்கள். மஞ்சள் கண்களோடு வந்தவர்கள் நான்காம் நாள் நடந்து வீட்டுக்குப் போனார்கள். செய்தி பரவியது. அக்கம்பக்கத்து மருத்துவமனைகளின் நிபுணர்கள் நேரில் பார்க்க விரும்புகிறார்கள், ஒரு காலைப்பொழுதில் செய்து காட்ட முடியுமா என்று எங்கள் துறைத் தலைவர் கேட்டார். உடனே சரி என்றேன்.

அந்தக் காலைக்கு நான் தேர்ந்தெடுத்த நோயாளிக்கு இங்கே தனலெட்சுமி என்று பெயர் வைக்கிறேன். மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் எடுக்கப் பால்மரம் வெட்டியவர். பால்மரங்களை அழித்து எண்ணெய்க்காகச் செம்பனை நட்டபிறகு ஜாசினுக்கு வந்து, ஒரு தமிழ்ப்பள்ளியின் கெண்டினில் சமையல் வேலை பார்த்தார். ஐம்பத்தெட்டு வயது. பித்தப்பையை முன்பே எடுத்திருந்தார்கள். இப்போது பித்தக்குழாயில் ஒரு கல். கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. இதய வால்வு ஒன்று சுருங்கியிருந்ததால் மயக்க மருந்து கொடுத்து வயிற்றைத் திறப்பது ஆபத்து. புது முறையின் அருமையைக் காட்ட இவரைவிடப் பொருத்தமானவர் யார் என்று நினைத்தேன். ஒரு நோயாளியை அப்படி நினைத்ததுதான் என் முதல் தவறு என்று இப்போது தோன்றுகிறது.

அதற்கு முதல் நாள் ஒப்புதல் படிவத்தோடு அவரது கட்டிலருகே போனேன். மகள் சாந்தி உடன் இருந்தாள். மின்னணுத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை, சீருடையோடு வந்திருந்தாள்.

“பிள்ள பெம்பான் பக்கத்துத் தோட்டமாமே? மிஸ்ஸி சொன்னாங்க” என்றார் தனலெட்சுமி, வார்டுத் தாதியைக் காட்டி.

“ஆமாம்மா. அப்பா அங்கதான் மரம் வெட்டுனாரு.”

“அப்பறம் என்னா. நம்ம பிள்ள. எங்க சைன் போடணும், சொல்லு.”

படிவத்தில் இருந்த ஆபத்துகள் அத்தனையையும் சொன்னேன். ஆனால் விமானத்தில் பாதுகாப்பு விதிகளைச் சொல்வார்களே, அப்படிச் சொன்னேன். சாந்தி மட்டும் கேட்டாள்: “வலிக்குமா டாக்டர்?”

“தூங்கறதுக்கு ஊசி போட்டுடுவோம். சாயங்காலம் அம்மா கோப்பி குடிக்கலாம்” என்றேன்.

மறுநாள் காலை கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஐந்து மருத்துவர்கள் நின்றார்கள். எங்கள் துறைத் தலைவர் ஒலிவாங்கியில் அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். ஈயக் கவசத்துக்குள் என் முதுகு அப்போதே நனைந்துவிட்டது. குழாய் சுலபமாக இறங்கியது. மேட்டைக் கண்டேன். இழைக் குழாயை நுழைத்துச் சாய மருந்தைச் செலுத்தியதும் எக்ஸ்ரே திரையில் கணையக்குழாய் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. வெளியே இழுத்தேன். மறுபடி நுழைத்தேன். மறுபடியும் கணையம்.

“டாக்டர், அர மணி நேரம் ஆச்சு” என்றார் சிஸ்டர் கமலா, எனக்கு மட்டும் கேட்கும் குரலில்.

“ஒரே ஒரு தடவ சிஸ்டர்.”

கண்ணாடிக்கு அப்பாலிருந்து தலைவர், ஏதாவது சிரமமா என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று கட்டைவிரலை உயர்த்தினேன். சிஸ்டர் இன்னொரு முறை நேரத்தைச் சொன்னார். மறுபடி “ஒரே ஒரு தடவ” என்றேன். மூன்றாம் முறையும் சொன்னார். நான் இழைக் குழாயை மறுபடி நுழைத்தேன். அந்த நேரத்தில் என் மனத்தில் தனலெட்சுமி இல்லை என்பதை நீங்கள் நம்ப வேண்டும். திரையில் தெரிந்த மேடு இருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் ஐந்து முகங்கள் இருந்தன. பேராசிரியரின் கை இல்லை என்ற எண்ணம் முதல் முறையாக வந்தது. அது வந்ததும் இன்னும் அழுத்தமாக முயன்றேன்.

நானாக நிறுத்தவில்லை. தனலெட்சுமியின் நாடித் துடிப்பு தடுமாறியது, மானிட்டர் கத்தியது, வேறு வழியில்லாமல் குழாயை வெளியே எடுத்தேன்.

வந்திருந்த மருத்துவர்கள் நல்லவர்கள். “உள்ளமைப்பு கொஞ்சம் சிக்கலானது” என்று ஒருவர் சொன்னார். ஆமாம் என்றேன். அந்த வார்த்தை கிடைத்ததில் எனக்கு அப்படி ஒரு நிம்மதி.

மதியத்துக்குள் தனலெட்சுமிக்கு வலி தொடங்கியது. வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் வலி. மாலையில் அவர் கோப்பி குடிக்கவில்லை. முழங்காலை மடக்கி ஒருக்களித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். ரத்தப் பரிசோதனை வந்தபோது சந்தேகத்துக்கு இடமில்லை. கணையம் வீங்கிக் கனன்றுகொண்டிருந்தது. மறுநாள் மூச்சுத் திணறல் வந்து தீவிர சிகிச்சைக்கு மாற்றினோம்.

சாந்தி வார்டுக்கு வெளியே நின்றிருந்தாள். அவளிடம் என்ன சொல்வது? என் வயதுள்ள ஒரு மருத்துவர் தோளைத் தட்டி, “இது எல்லாருக்கும் நடக்கறதுதான். படிவத்துல எழுதியிருக்கு, அவங்க சைன் போட்டிருக்காங்க. அத சொல்லு, போதும்” என்றார். எனக்காகத்தான் சொன்னார். நானும் அதைத்தான் சொல்லப் போனேன். நடைபாதையில் அறுவை சிகிச்சை நிபுணர் எதிரே வந்தார். எக்ஸ்ரே படங்களை அவர் முன்பே பார்த்திருந்தார்.

“எத்தனை முறை கணையத்துக்குள் போனாய்?”

“நான்கு… ஐந்து.”

“ஆறு” என்றார். “வேறு யாரோ சொல்லி அந்தப் பெண் கேட்பதற்கு முன்னால் நீ சொல்லிவிடு. நான் வேண்டுமானால் பக்கத்தில் நிற்கிறேன்.”

திட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் உண்மையாகவே கூட வந்து நின்றார். சாந்தியை உட்காரவைத்துச் சொன்னேன். கல்லை எடுக்க முடியவில்லை, கணையம் வீங்கிவிட்டது, உயிருக்கு ஆபத்து இருக்கிறது என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“இது சில பேருக்கு எப்படியும் வரலாம்மா. ஆனா உங்கம்மாவுக்கு வந்ததுக்கு நானும் காரணம். ரெண்டு மூணு தடவையிலயே நான் நிறுத்தியிருக்கணும். சிஸ்டர் சொன்னாங்க. நான் கேக்கல.”

“ஏன் கேக்கல?”

“பெரிய டாக்டருங்க பாத்துக்கிட்டு இருந்தாங்க. முடியலன்னு காட்டிக்க மனசு வரல.”

சாந்தி அழவில்லை. “எங்கம்மா என்ன டாக்டர், நீங்க செஞ்சு பழகுற பொம்மையா? சாயங்காலம் கோப்பி குடிக்கலாம்னு சொன்னீங்களே” என்றாள். எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

சமாதானம் சொல்லாமல் அங்கேயே நின்றதுதான் அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம்.

அடுத்த பல நாட்கள் காலையில் வார்டு சுற்றுக்கு முன்பும், மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன்பும் தனலெட்சுமியைப் பார்த்தேன். நான் வந்தால் சாந்தி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அன்றைய நிலவரத்தை அவள் முதுகைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருவேன். சிறுநீர் அளவு, காய்ச்சல், மூச்சு, எதையும் மறைக்கவில்லை. போகாமல் இருக்க எத்தனையோ காரணங்கள் கிடைத்தன. வேறு வேலை இருந்தது, அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, வேறு மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஒரு நாள் போகாமல் விட்டால் மறுநாள் போகவே முடியாது என்று பயந்துதான் போனேன். உங்களுக்கும் அப்படி ஒரு கட்டில் வரும். அதைச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

ஒன்பதாம் நாள் தனலெட்சுமி கண் திறந்து கோப்பி கேட்டார். பன்னிரண்டாம் நாள் சாதாரண வார்டுக்கு வந்தார். ஆனால் கல் அங்கேயே இருந்தது. கண்ணில் மஞ்சள் இறங்கவில்லை. பேராசிரியருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். கணையம் ஆறட்டும், அடுத்த செவ்வாய்க்கிழமை கோலாலம்பூருக்குக் கொண்டுவா, நானே எடுக்கிறேன் என்றார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரை கல் காத்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை தனலெட்சுமிக்குக் கட்டில் ஆடும் அளவுக்குக் குளிர் நடுக்கம். காய்ச்சல் ஏறியது, ரத்த அழுத்தம் இறங்கியது. தேங்கி நின்ற பித்தத்தில் கிருமி புகுந்து ரத்தத்தில் கலந்துவிட்டது. மருந்தால் மட்டும் அடங்காது. பித்தத்தை வடிய வைத்தே ஆக வேண்டும். அந்த அழுத்தத்தோடு அம்புலன்சில் ஏற்றினால் பாதி வழியில் இருக்கும் சிரம்பானைத் தாண்டுவாரா என்பதே சந்தேகம். வயிற்றைத் திறந்தால் மேசையிலேயே இதயம் நின்றுவிடலாம் என்றார் மயக்க மருந்து நிபுணர். அறுவை சிகிச்சை நிபுணர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

பேராசிரியரை மறுபடி அழைத்தேன். “கல்லைத் தொடாதே” என்றார். “துளையின் வாயை வெட்டி அகலப்படுத்தாதே. இந்த நிலையில் அவருக்கு ரத்தம் உறையாது. ஒரு சிறு பிளாஸ்டிக் குழாயை உள்ளே வைத்துப் பித்தத்தை வடிய விடு. அவ்வளவுதான் இன்றைய வேலை. முடியவில்லை என்றால் வெளியே வந்துவிடு.”

சாந்தியிடம் போனேன். என்னோடு அறுவை சிகிச்சை நிபுணரும் சிஸ்டர் கமலாவும் வந்தார்கள். நிலைமையைச் சொன்னேன்.

“வேற டாக்டர் இல்லையா?”

“இப்ப மலாக்காவுல இத செய்யறது நான் ஒருத்திதான்மா. கோலாலம்பூர் வரைக்கும் போற தெம்பு அம்மாவுக்கு இல்ல.”

கட்டிலிலிருந்து தனலெட்சுமி பேசினார். காய்ச்சலில் உதடு வெடித்திருந்தது. “விடு சாந்தி. கெண்டின்ல மொத நாளு நானு ஒரு கொப்பர சோத்தயும் கருக விட்டேன். பிள்ளைங்க எல்லாம் அன்னிக்கு ரொட்டி தின்னுச்சுங்க. மறுநாளும் என்னையத்தான் ஆக்கச் சொன்னாங்க. வேற யாரு இருந்தா?”

“ம்மா, அது சோறு. இது நீ” என்றாள் சாந்தி. பிறகு, அந்த நாட்களில் முதல் முறையாக, நேராக என்னைப் பார்த்தாள். “எப்ப நிறுத்துவீங்க? அத மொதல்ல சொல்லுங்க.”

எந்தத் தேர்விலும் எந்தப் பேராசிரியரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. எப்படிச் செய்வாய் என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள்.

“இருபது நிமிஷம்” என்றேன். “கணையத்துக்குள்ள ரெண்டு தடவ போனா, இருபது நிமிஷம் ஆகலன்னாலும் நிறுத்திடுவேன்.”

“யாரு பாத்துச் சொல்வாங்க?”

“நான் சொல்றேன்” என்றார் சிஸ்டர் கமலா.

“நீங்க சொன்னா இவங்க கேப்பாங்களா?”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். “போன தடவ கேக்கல” என்றார்.

என் முகத்துக்கு நேராக, ஒரு நோயாளியின் மகளிடம், தாதி ஒருவர் இப்படிச் சொல்வது அந்தக் காலத்தில் நடக்காத காரியம். எனக்குக் காது சூடானது. ஆனால் அந்த அறையில் சாந்தி நம்பக்கூடியவராக அப்போது சிஸ்டர் ஒருவர்தான் இருந்தார், அந்தப் பதிலால்தான் இருந்தார்.

“இந்தத் தடவ கேப்பேன்” என்றேன். பேச்சு எதைப் பற்றியது என்று எங்கள் முகங்களிலிருந்தே அறுவை சிகிச்சை நிபுணருக்குப் புரிந்திருக்க வேண்டும். “கேட்காவிட்டால் நான் இவள் கையைப் பிடித்து இழுத்துவிடுவேன், லா” என்று மலாயில் சொன்னார். சாந்தி பேனாவை வாங்கினாள்.

அன்று கண்ணாடிக்குப் பின்னால் யாரும் இல்லை. அறுவை சிகிச்சை நிபுணர் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். மயக்க மருந்து நிபுணர் தலைமாட்டில் நின்றார். குழாய் இறங்கியது. அதே மேடு. முந்தைய வீக்கத்தின் தழும்பில் அது சற்றுக் கோணியிருந்தது.

“அஞ்சு நிமிஷம்” என்றார் சிஸ்டர், அறை முழுக்கக் கேட்கும்படி.

நான் இன்னும் தொடவே இல்லை. பார்த்துக்கொண்டிருந்தேன். போன முறை நான் பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் விளங்கியது. நேராகக் குத்திக்கொண்டே இருந்திருக்கிறேன். பித்தக்குழாய் மேல்நோக்கி, இடப்பக்கமாகச் சாய்ந்து போகிறது. குழாயைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, கீழிருந்து அண்ணாந்து பார்ப்பதுபோல் வைத்துக்கொண்டு முதல் முயற்சி செய்தேன். திரையில் கணையக் கோடு.

“ஒண்ணு” என்றார் சிஸ்டர்.

அறுவை சிகிச்சை நிபுணர் அசையவில்லை. குழாயிலிருந்து ஒரு கையை எடுத்து விரல்களை நீட்டி மடக்கினேன். “பத்து நிமிஷம்.” மறுபடி வைத்தேன். இந்த முறை இழைக் குழாயைத் தள்ளாமல் அதற்குள் இருந்த மெல்லிய கம்பியை மட்டும் முன்னால் விட்டேன். தடை. சிறிது திருப்பினேன். கம்பி வழுக்கிக்கொண்டு மேலே போனது. திரையில் அது முதுகெலும்பைக் கடக்காமல் கல்லீரல் பக்கம் ஏறியது. அப்படி ஏறினால் அது பித்தக்குழாய்தான்; சந்தேகமே இல்லை. கம்பியின் ஓரமாகச் சீழ் கலந்த பித்தம் கசியத் தொடங்கியது.

“பதிமூணு” என்றார் சிஸ்டர். அவர் குரலும் மாறியிருந்தது.

சாய மருந்தை ஒரு சொட்டுச் செலுத்திப் பார்த்தேன். அங்கே இருந்தது கல். வட்டமாக, தெளிவாக, எட்டும் தூரத்தில். இன்னும் ஏழு நிமிடம் மிச்சம். துளையைச் சற்று வெட்டி, கல்லைப் பிடிக்கும் சிறு கம்பிக் கூடையை விட்டு இழுத்தால் வந்துவிடும். கூடைக் கருவி மேசையில் தயாராக இருந்தது. வந்தால், போன தடவை நடந்ததெல்லாம் மறந்துபோகும். சாந்தியிடம் கல்லைக் காட்டலாம். இதையெல்லாம் நினைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆனதோ தெரியாது. தோல்வியில் நிறுத்துவது கடினம் என்று அதுவரை நினைத்திருந்தேன். கை நன்றாக ஓடும்போது நிறுத்துவது அதைவிடக் கடினம்.

“ஸ்டென்ட் குடுங்க சிஸ்டர்” என்றேன்.

கம்பிமேல் சிறு குழாயை ஏற்றி, உள்ளே தள்ளி, நிலைக்க வைத்தேன். அது துளைக்குள் உட்கார்ந்ததும் தேங்கி நின்றதெல்லாம் குபுகுபுவென்று குடலுக்குள் கொட்டியது. பதினேழாம் நிமிடம் வெளியே வந்துவிட்டேன். அறுவை சிகிச்சை நிபுணர் கவசத்தைக் கழற்றி மாட்டினார். “கல்லைப் பார்த்தாய் அல்லவா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். “ம்” என்றார். அந்த ஓர் எழுத்தை நான் பின்னாளில் வாங்கிய எந்தப் பட்டயத்தோடும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

சனிக்கிழமை காலை காய்ச்சல் விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தனலெட்சுமி எழுந்து உட்கார்ந்து பசியாறினார். ஆறு வாரம் கழித்து, உடம்பு தேறியபிறகு, அவரைக் கோலாலம்பூருக்கு நானே அழைத்துப் போனேன். பேராசிரியர்தான் கல்லை எடுத்தார். நான் பக்கத்தில் நின்று கம்பியைப் பிடித்துக் கொடுத்தேன். அவர் கை என்ன செய்கிறது என்று இந்த முறை இமைக்காமல் பார்த்தேன்.

கண் விழித்ததும் தனலெட்சுமி கேட்டார்: “யாரு எடுத்தா? நீயா?”

“இல்லம்மா. என்னோட வாத்தியாரு.”

“நீ கூட இருந்தியா?”

“இருந்தேன்மா.”

“அப்ப சரி” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அந்த ஆண்டின் இறுதியில் எங்கள் வட்டார நிபுணர்களின் கூட்டம் ஒன்று நடந்தது. புது முறையை எப்படிக் கொண்டுவந்தோம் என்று என்னைப் பேசச் சொன்னார்கள். வெற்றி கண்ட நோயாளிகளின் படங்களை அடுக்கி வைத்தேன். பிறகு அவற்றை எடுத்துவிட்டுத் தனலெட்சுமியின் படங்களை வைத்தேன். ஆனால் அவை என் சொத்து இல்லையே. கிளினிக்குக்குத் தாயும் மகளும் வந்தபோது அனுமதி கேட்டேன். தனலெட்சுமி சிரித்து, “காட்டிக்கோ, என் வயித்துக்குள்ள என்னா பொக்கிஷமா இருக்கு” என்றார்.

சாந்திதான் யோசித்தாள். “அம்மா பேரச் சொல்லாதீங்க. மத்தபடி நடந்தத முழுசா சொல்லுங்க. சிஸ்டர் சொல்லியும் நீங்க கேக்காததையும் சொல்லுங்க.”

“சொல்றேன்.”

கூட்டத்தில் சொன்னேன். அன்று கண்ணாடிக்குப் பின்னால் நின்ற ஐந்து பேரில் மூன்று பேர் முன்வரிசையில் இருந்தார்கள். ஆறு படங்களையும் ஒவ்வொன்றாகப் போட்டேன். உள்ளமைப்பில் சிக்கல் எதுவும் இல்லை, சிக்கல் என்னிடம்தான் இருந்தது என்றேன். பேசி முடித்தபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது. அப்போது நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். எங்கள் எல்லாரையும்விட மூத்தவர், எங்கள் பக்கத்தில் எண்டோஸ்கோப்பி குழாயை முதலில் தொட்டவர்களில் ஒருவர். “எனக்கும் அப்படி ஒருவர் உண்டு. யாரிடமும் சொன்னதில்லை” என்று தொடங்கினார். அவருக்குப் பிறகு இன்னொருவர். மதிய உணவு ஆறிப் போனது. அன்று பிரியும் முன், புதிதாகத் தொடங்கும் எவரும் முதல் ஆண்டில் தனியாகச் செய்வதில்லை, பக்கத்து ஊரில் தெரிந்தவர் ஒருவர் வந்து நிற்பார் என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம். எழுத்தில் எதுவும் இல்லை. ஆனால் அதன்பிறகு நான் பல ஊர்களுக்குப் போய்ப் பலர் பக்கத்தில் நின்றிருக்கிறேன். என் பக்கத்திலும் பலர் வந்து நின்றார்கள்.

நீங்கள் கேட்காமலே ஒரே ஒரு வேண்டுகோள். உங்களை நிறுத்தும் உரிமையை, வேலையைத் தொடங்கும் முன்பே, அந்த அறையில் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். உங்களைவிடப் பதவியில் சிறியவராக இருந்தால் இன்னும் நல்லது. அவர் உங்களை நிறுத்தும் நாளில் கோபம் வரும். வரட்டும். மறுநாள் போய் நன்றி சொல்லுங்கள். நான் சிஸ்டர் கமலாவிடம் அதைச் சொல்ல மூன்று மாதம் எடுத்துக்கொண்டேன். “அதுக்கென்ன டாக்டர்” என்று சொல்லிவிட்டு அவர் கருவிகளைக் கழுவப் போய்விட்டார்.

அடுத்த முறை கிளினிக்குக்கு வந்தபோது சாந்தி உட்காரும் முன்பே கேட்டாள்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்மா.”

“என்ன சொன்னாங்க? திட்டுனாங்களா?”

“இல்ல. ஒரு பெரிய டாக்டர் எழுந்து, அவர் கையில நடந்த ஒண்ணச் சொன்னாரு. எட்டு வருஷமா யார்கிட்டயும் சொல்லாம வச்சிருந்தாராம்.”

சாந்தி தன் தாயைப் பார்த்தாள். தனலெட்சுமி எடை பார்க்கும் கருவிமேல் ஏறி நின்று, முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவரோட பேஷண்டு பொழச்சாங்களா?”

“இல்லம்மா.”

அவள் உட்கார்ந்தாள். மடியில் இருந்த பையின் வாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

“எட்டு வருஷமா?” என்றாள். “பாவம்லா.”

அவள் யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. எழுந்து போய்த் தாயின் கையைப் பிடித்து எடைக் கருவியிலிருந்து இறக்கிவிட்டாள். அடுத்த தேதியை எழுதிக்கொடுங்கள் என்று அட்டையை என்னிடம் நீட்டினாள்.